மாஸ்கோ எண்ணெய்க்கு ஆம்பூர் கட்டிய வரி

2025 ஆகஸ்ட் 27. வாஷிங்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம் ஆனபோது ஆம்பூரில் காலை 9.31. மாதனூர், உமராபாத், பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவந்த கம்பெனி வண்டிகள் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த நேரம். கட்டிங்கில் தோலை வெட்டிக்கொண்டிருந்தார்கள், ஸ்டிச்சிங்கில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நிமிடத்திலிருந்து, அவர்கள் தைக்கும் ஷூ அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கினால் அதன் மேல் 50 சதவீதக் கூடுதல் வரி. தோல் ஷூவுக்கு அங்கே ஏற்கெனவே இருந்த 8.5, 10 சதவீத வரி தனி.

ஐம்பதில் பாதி, ஆகஸ்ட் 7 முதல் அமலில் இருந்த ‘பதிலடி வரி’. மறு பாதிக்கு அமெரிக்கா சொன்ன காரணம், இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குகிறது என்பது. ஆம்பூரில் எண்ணெய்க் கிணறும் இல்லை, சுத்திகரிப்பு ஆலையும் இல்லை. ரஷ்ய எண்ணெய் வந்து இறங்குவது குஜராத்தின் ஜாம்நகர், வாடினார் போன்ற இடங்களில். 2022-க்கு முன் இந்தியா வாங்கிய எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்தது. தள்ளுபடி விலையில் வாங்கிய லாபம் எங்கெங்கோ சேர்ந்தது. அதற்கான அபராதச் சீட்டு வந்து விழுந்த ஊர்களில் ஒன்று, பாலாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊர்.

எல்லோரும் கூட்டாளிகளே

ஆம்பூர் என்றால் பிரியாணி என்று நிறுத்திக்கொள்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். வாணியம்பாடியில் தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரை நீளும் இந்தத் தோல் பட்டைதான், பெரியமேட்டு மண்டிகளையும் சென்னைச் சுற்றுவட்டார ஷூ கம்பெனிகளையும் சேர்த்தால், இந்தியத் தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தைத் தரும் தமிழ்நாட்டின் முதுகெலும்பு. நாட்டின் மொத்தத் தோல், காலணி ஏற்றுமதி ஆண்டுக்கு ஐந்நூறு கோடி டாலரை ஒட்டி நிற்கிறது. தனி நாடாகப் பார்த்தால் அமெரிக்காதான் பெரிய வாடிக்கையாளர், ஐந்தில் ஒரு பங்கு அளவில். ஜெர்மனி, பிரிட்டன், இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாவற்றையும் கூட்டினால் ஐரோப்பா பாதியைத் தாண்டும்.

இந்த நாடுகளில் ஒன்றுகூட இந்தியாவுக்குப் பகை நாடு இல்லை என்பதுதான் வேடிக்கை. 2000 அக்டோபரில் புதின் டெல்லி வந்தபோது ரஷ்யாவோடு வியூகக் கூட்டாண்மை கையெழுத்தானது. ஜெர்மனியோடும் அதே ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2004-ல். 2020 பிப்ரவரியில் டிரம்ப் வந்தபோது அமெரிக்க உறவு ‘விரிவான உலகளாவிய வியூகக் கூட்டாண்மை’ ஆனது. பிரிட்டனோடு 2021-ல் இன்னொன்று. ஷூ ஆர்டரில் நமக்குப் பெரிய போட்டியாளரான வியட்நாமோடுகூட 2016 முதல் விரிவான வியூகக் கூட்டாண்மை உண்டு. கடைசியாக 2025 பிப்ரவரி 13 அன்று வாஷிங்டனில் மோடியும் டிரம்பும், இரு நாட்டு வர்த்தகத்தை 2030-க்குள் 50,000 கோடி டாலருக்குக் கொண்டுபோவோம் என்று அறிவித்தார்கள். ஆறரை மாதத்தில் வந்தது ஐம்பது சதவீத வரி.

கூட்டறிக்கைகளில் ராணுவத் தளவாடம் இருக்கும், அணுசக்தி இருக்கும், விண்வெளி, செமிகண்டக்டர் எல்லாம் இருக்கும். நெருக்கடி என்று வரும்போது யார் தப்புவார்கள், யார் மாட்டுவார்கள் என்பதைத் தீர்மானிப்பது வேறு கணக்கு. ஆம்பூரிலிருந்து சென்னை போகும் அதே தேசிய நெடுஞ்சாலையில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். அங்கே பூட்டப்படும் ஐபோன்களுக்கு அந்த வரியில் விலக்கு கிடைத்தது. மருந்துகளுக்கும் விலக்கு. அமெரிக்கக் கடைக்காரருக்கு உடனடி மாற்று இல்லாத சரக்குக்கு மன்னிப்பு உண்டு, ஷூவுக்கு இல்லை. ஷூவை வியட்நாம் தரும், இந்தோனேசியா தரும், கம்போடியா தரும். வியட்நாமுக்கும் வங்கதேசத்துக்கும் அப்போது 20 சதவீதம். இந்தோனேசியா, கம்போடியா, பாகிஸ்தானுக்கு 19. ஒரே சாலையில் இரண்டு மணி நேர இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இரண்டு விதமான உலக அரசியல்.

வரி அறிவிப்பில் ஒரு சலுகை இருந்தது. ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்கச் சுங்கத்தைக் கடக்கும் சரக்குக்கு மறு பாதி வரி கிடையாது. ஆனால், செங்கடலில் ஹூதிகள் 2023 நவம்பரில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதிலிருந்து பெரிய கன்டெய்னர் கப்பல்கள் பல நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தன. கிழக்கு அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு மாதத்துக்கும் மேல். ஆகஸ்ட் மாதம் பேக்கிங்கில் இருந்த அட்டைப் பெட்டிகளுக்கு அந்தச் சலுகை காகிதத்தில் மட்டுமே இருந்தது. ஏமனில் நடக்கும் சண்டையும் உக்ரைனில் நடக்கும் சண்டையும் ஒரே இன்வாய்ஸில் வந்து சேர்ந்தன.

நூறாண்டுப் பழைய பாடம்

இந்த ஊர்களுக்கு இது புதிதல்ல. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட மதராஸ் தோலுக்கு லண்டன் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்றே பெயர். முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷ் அரசு அந்தத் தோலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது, சிப்பாய்களின் பூட்ஸுக்காக. தனியார் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. போருக்கு முன் கல்கத்தாவின் பச்சைத் தோல் வியாபாரத்தை ஜெர்மன் வியாபாரிகளின் கூட்டு ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது. போர் முடிந்ததும் அவர்கள் திரும்ப வராதபடி அடைக்க வேண்டும் என்று 1919-ல் பச்சைத் தோலுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள். பேரரசுக்குள் பதனிடப் போகும் தோல் என்றால் அதில் 10 சதவீதம் தள்ளுபடி. ‘நம் அணிக்குக் கொடுத்தால் குறைவு, எதிரணிக்குக் கொடுத்தால் அதிகம்’ என்ற அதே தர்க்கம்தான். அது ஓடவில்லை. 1923-ல் வரியை 5 சதவீதமாகக் குறைத்து, தள்ளுபடியையும் கைவிட்டார்கள்.

அடுத்த பெரிய கூட்டாளி சோவியத் யூனியன். 1971 ஆகஸ்ட் 9 அன்று கையெழுத்தான இந்திய-சோவியத் நட்புறவு உடன்படிக்கையைப் பாடப்புத்தகத்தில் வங்கதேசப் போரோடு சேர்த்துப் படிக்கிறோம். அந்த உறவின் இன்னொரு முகம் ரூபாய் வர்த்தகம். டாலர் வேண்டாம்; நாம் ஆயுதமும் எண்ணெயும் வாங்குவோம், அவர்கள் தேயிலை, துணி, ஷூ, ஷூவின் மேல்பாகமான ‘அப்பர்’ எல்லாம் வாங்குவார்கள். ஆண்டுதோறும் இரு அரசுகளும் உட்கார்ந்து பட்டியல் போடும். சோவியத் பக்கம் அரசு நிறுவனமான ராஸ்நோஎக்ஸ்போர்ட், நம் பக்கம் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன். ஃபேஷன் மாறாது, ஆர்டர் பெரியது, பணம் உறுதி. ஐரோப்பிய பயர் மாதிரி தையல் பிசிறைக் கண்ணாடி போட்டுப் பார்த்துப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் தொல்லையும் குறைவு.

1991 டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனது. அரசியல் சமநிலை மாறியது என்று உலகம் எழுதியது. இங்கே ஆர்டர் புத்தகம் மாறியது. 1993 ஜனவரியில் எல்ட்சின் டெல்லி வந்து பழைய கடனை ரூபாயில் தீர்க்கும் ஒப்பந்தம் போட்டதால், அந்தக் கடன் ரூபாயைக் கொண்டு ரஷ்யர்கள் கொஞ்ச காலம் இங்கே சரக்கு வாங்கினார்கள். பழைய அளவு திரும்ப வரவில்லை. இன்றைய நிலையைச் சொன்னால் போதும்: 2024-25-ல் இந்திய-ரஷ்ய வர்த்தகம் 6,870 கோடி டாலர், அதில் நாம் விற்றது 500 கோடிக்கும் கீழே. எண்ணெய் வருகிறது, ஷூ போகவில்லை. 2025 டிசம்பரில் புதின் மறுபடி டெல்லி வந்து போனார். வல்லரசு உறவின் வெப்பமும் ஆம்பூரின் ஆர்டரும் சேர்ந்து ஏறிய காலம் முப்பது வருடங்களுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

ஜெர்மனி போட்ட ஐந்து பிபிஎம்

சோவியத் கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே ஆண்டுகளில் நடந்த இன்னொரு சங்கதி. 1989 டிசம்பரில் ஜெர்மனி, பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனத்துக்குத் தடை போட்டது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இங்கே எல்லா டேனரியிலும் போட்டுக்கொண்டிருந்த மருந்து அது. பொருளில் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு (ஐந்து பிபிஎம்) மேல் இருந்தால் திருப்பி அனுப்பு என்றது சட்டம். ராணுவம் இல்லை, தடையாணை மிரட்டல் இல்லை, தலைவர்கள் கட்டித்தழுவும் படம் இல்லை. நம் தோலுக்கு அன்று ஜெர்மனி பெரிய சந்தை என்பதால் அது போதுமானதாக இருந்தது. அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று மருந்துகளைச் சோதித்தது, பயிற்சி கொடுத்தது. சில ஆண்டுகளில் டேனரிகள் மாறின. 1994-ல் சிலவகை அசோ சாயங்களுக்குத் தடை வந்தபோது இன்னும் வேகமாக மாறின. மாற்று ரசாயனங்களை விற்றவர்களில் ஜெர்மன் கம்பெனிகளும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதே காலத்தில் பாலாற்றுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1972-ல் சீதாராமையா குழு, பாதி பதனிட்ட தோலை விற்பதைக் குறைத்து முழுத் தோலாக, ஷூவாக விற்றால்தான் லாபம் நமக்கு என்றது. சரியான யோசனை. 1973 முதல் கட்டுப்பாடுகள் வந்தன. ஐரோப்பாவிலோ கூலி ஏறி, சுற்றுச்சூழல் சட்டமும் இறுகி டேனரிகள் மூடிக்கொண்டிருந்தன. அவர்கள் ஊரில் செய்ய விரும்பாத ஈரவேலை நம் ஊருக்கு வந்தது, குரோமியத்தோடும் உப்போடும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்னது. இந்தப் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வு அதில் பதிவானது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் வேர்விட்ட தீர்ப்பு அது. உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

தீர்ப்பு வந்து இருபத்தெட்டு ஆண்டு கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாறு, அதே டேனரிகள், அதே உச்ச நீதிமன்றம். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, ஆற்றை மீட்கக் குழு என்று மறுபடி உத்தரவு. இடையில், 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்தார்கள். ஹாம்பர்க்கில் ஷூ போடுபவரின் தோலுக்கு ஆகாத மருந்து சில வருடங்களில் நின்றது. வாணியம்பாடி விவசாயியின் கிணற்றுக்கு ஆகாத உப்பு இன்னும் நிற்கவில்லை. எந்தக் கூட்டாண்மைப் பத்திரத்திலும் அந்தக் கிணற்றுக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டதில்லை. நம் அரசியலிலும் அதற்கு எடை இல்லை என்பது அதைவிடக் கசப்பானது.

சீனாவிலிருந்து கிளம்பியது எங்கே இறங்கியது?

அமெரிக்காவும் சீனாவும் முறைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு, ‘சீனாவை விட்டால் இந்தியா’ என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஷூவில் அது ஓரளவு நிஜம்தான். நைக்கிக்குச் செய்து தரும் தைவானின் ஃபெங் டே, செய்யாற்றில் இருபது ஆண்டுகளாக இருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ, 1,500 கோடி ரூபாயில், 25,000 பேருக்கு வேலை தரும் ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டியது. உளுந்தூர்பேட்டையில் பௌ சென் குழுமம். 2022-ல் தமிழ்நாடு அரசு காலணிக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

ஆனால் இவை பெரும்பாலும் தோல் இல்லாத ஷூக்கள்: ஸ்போர்ட்ஸ் ஷூ, சின்தெடிக் அப்பர், ரப்பர் அடிப்பாகம். உலகம் இப்போது போட்டு நடப்பதும் அதைத்தான். ஆம்பூர்க் குடும்பங்கள் மூன்று தலைமுறையாகக் கற்றது தோலைப் பார்த்துத் தரம் பிரிக்க, பசுத்தோலில் அப்பரும் ஆட்டுத்தோலில் லைனிங்கும் வெட்ட. அந்தக் கைப்பழக்கத்துக்கு வியட்நாம் ஷூ கம்பெனியே வாடிக்கையாளர். இந்தியத் தோலை வாங்கி அங்கே தைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். 2020 ஆகஸ்ட் முதல் ஐரோப்பாவோடும் வியட்நாமுக்குத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. நாமோ ஐரோப்பாவோடு 2007-ல் பேச்சைத் தொடங்கி, 2013-ல் நிறுத்தி, 2022-ல் மறுபடி தொடங்கினோம்.

அந்தப் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் அறிவித்தார்கள். தோலுக்கும் காலணிக்கும் 17 சதவீதம் வரை இருந்த ஐரோப்பிய வரி போகும். 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தில் காலணிக்கான 16 சதவீதம் வரையிலான வரி போகும். என் கணிப்பில், இந்த இரண்டும்தான் கடந்த கால் நூற்றாண்டில் டெல்லி இந்தப் பட்டைக்குச் செய்த உருப்படியான வெளியுறவுக் காரியங்கள். கூட்டாண்மை என்று பேர் வைக்காத, அட்டவணை போட்டு, சதவீதம் எழுதி, ஆண்டு குறித்த ஒப்பந்தங்கள். டிரம்பின் வரி விரட்டியிருக்காவிட்டால் ஐரோப்பாவும் இந்தியாவும் இவ்வளவு வேகமாக மேஜைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். வரி குறையும், விதி குறையாது என்பதையும் மறக்க வேண்டாம். காடு அழித்த நிலத்தில் வளர்ந்த மாட்டின் தோல் உள்ளே வரக் கூடாது என்று ஐரோப்பா 2023-ல் ஒரு சட்டம் போட்டது. அமல் இருமுறை தள்ளிப்போயிருக்கிறது. ஐந்து பிபிஎம் கதை இன்னொரு உருவில் திரும்பி வரும்.

அமெரிக்க வரியும் அப்படியே நிற்கவில்லை. 2026 பிப்ரவரி தொடக்கத்தில் அதை 18 சதவீதமாகக் குறைப்பதாக டிரம்ப் அறிவித்தார். அதே மாதம் 20-ம் தேதி, அவர் எந்த அவசரநிலைச் சட்டத்தைக் காட்டி இந்த வரிகளைப் போட்டாரோ அது அதற்கு இடம் தரவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே வேறொரு சட்டப் பிரிவைக் காட்டி வேறொரு வரி வந்தது.

சம்பளப் பட்டியலில் வல்லரசு

அந்த ஆறு மாதத்தைத் தாங்கியது யார்? 2025 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு புள்ளிவிவரம் இருந்தது. இந்தியாவின் சரக்கு ஏற்றுமதியில் அமெரிக்கா போவது 20 சதவீதம். தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம். அடி விழுந்தால் இங்கே பலமாக விழும் என்று அர்த்தம். நவம்பரில் மத்திய அரசு 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்கத் திட்டத்தையும், 20,000 கோடி ரூபாய் கடனுக்கு உத்தரவாதத்தையும் அறிவித்தது. ரிசர்வ் வங்கி, தோல் உள்ளிட்ட துறைகளுக்குச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கடன் தவணையைத் தள்ளிக்கொள்ள வழி செய்தது. தேவையான உதவிகள்தான், குறை சொல்வதற்கில்லை. எல்லாம் கம்பெனிக் கணக்குக்குப் போகிறவை.

ஆர்டர் குறையும்போது ஷூ கம்பெனி ஒரே நாளில் மூடப்படுவதில்லை. முதலில் ஓவர்டைம் போகும். பிறகு ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டுக்குக் கட்டு வராது. பிறகு ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்களை ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்பார்கள். பிறகு வாரத்தில் வேலை நாள் குறையும். டேனரியின் ஈரப்பகுதியில் சுண்ணாம்புக் குழியிலும் டிரம்மிலும் நிற்பவர்களில் தலித்துகள் அதிகம். ஸ்டிச்சிங்கில் உட்காருபவர்களில் கிராமத்துப் பெண்கள் அதிகம். மகளிர் குழுக் கடனின் வாரத் தவணைக்கு ரிசர்வ் வங்கி எந்தத் தள்ளிவைப்பும் சொல்லவில்லை. வேலை முழுக்கப் போனவருக்கு இ.எஸ்.ஐ.யில் தொண்ணூறு நாள் வரை பாதிச் சம்பளம் தரும் திட்டம் ஒன்று உண்டு. வேலை போகாமல் வாரம் மூன்று நாளாகச் சுருங்கியவருக்கு அதில் இடம் இல்லை.

நம்மிடம் ஷூ வாங்கும் ஜெர்மனியில் இதற்கொரு ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆர்டர் குறைந்து கம்பெனி வேலை நேரத்தைக் குறைத்தால், குறைந்த நேரத்துக்கான சம்பளத்தில் பெரும்பகுதியை அரசின் வேலைவாய்ப்புக் காப்பீடு தரும். 2009 நெருக்கடியிலும் கொரோனாவிலும் அவர்களுடைய ஆலைகள் ஆட்களைக் கலைக்காமல் தாண்டியது அப்படித்தான். ஆர்டர் திரும்பியபோது கைதேர்ந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்.

வெளியுறவு அமைச்சகம் யாரோடு கைகுலுக்க வேண்டும் என்று ஆம்பூர் சொல்லப் போவதில்லை. ரஷ்ய எண்ணெய் வாங்கியது நாட்டுக்கு நல்லது என்று டெல்லி நினைத்தால், அந்த நன்மையின் ஒரு பகுதியை அதற்கு விலை கொடுத்த ஊர்களுக்கு எழுதிவைக்கலாம் அல்லவா? இ.எஸ்.ஐ.யில் ஒரு விதியைத் திருத்தி, வெளிநாட்டு வரியால் வேலை நாள் குறைந்த தொழிலாளிக்கும் பாதிச் சம்பளம் என்று சேர்த்தாலே தொடக்கமாகும். தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் முதலில் செய்து காட்டலாம். புதிய அமெரிக்க வரி எந்த மாதம் எந்தப் பிரிவில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் இதைச் செய்து முடியுங்கள்.